மூளைக்காய்ச்சலில் மூளையைக் கெடுத்தது வைரஸா, உடம்பின் எதிர்ப்பா?

விருத்தாசலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அக்கா மகனுக்கு ஏழு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தான். மூன்று ஆண்டுகள் ஆகியும் வலது கை நடுங்குகிறது, பேச்சு இழுக்கிறது, படித்த பாடம் மனதில் நிற்பதில்லை. சமீபத்தில் பார்த்த மருத்துவர் ஒருவர், வைரஸ் செய்த சேதத்தைவிட அவனுடைய எதிர்ப்புச் சக்தி செய்த சேதம்தான் அதிகம் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவர் சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: "அப்படியென்றால் அந்த எதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டு போட்டிருக்கலாமே, நாங்கள் கேட்காமல் விட்டது தவறா?" நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில், பாதி உண்மை. இரண்டாவதற்கு, தவறு இல்லை. அக்காவிடம் இன்றே சொல்லிவிடுங்கள், காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் நரம்பியலில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். நடுவில் இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையை விட்டுவிட்டு, எலி மூளையில் வைரஸ் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்தேன். எலிக்குப் பொருந்துவது பையனுக்குப் பொருந்தாமல் போவதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை இழுக்கிறது. உங்கள் பையனை நான் பார்த்ததில்லை, ஸ்கேனும் என் கையில் இல்லை. ஆகவே இது நோயைப் பற்றிய பதில். அவனுக்கான மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வைரஸ் நம் ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவில் இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-இல் வேலூரில்தான். நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கு நாரைகளிலிருந்தும் பன்றிகளிலிருந்தும் எடுத்து மனிதனுக்குக் கொடுக்கிறது. கடி வாங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. ஏறக்குறைய 250 பேருக்குத் தொற்று ஏற்பட்டால் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கிறது. ஆனால் அந்த ஒருவர் நிலை மோசம்: மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள், பிழைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஏதாவது ஒரு குறையோடு வீடு திரும்புகிறார்கள். மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் தலாமஸ், அதையடுத்து அசைவுகளைச் சீராக்கும் நரம்புச் செல் திரள்கள், இவை இந்த வைரஸுக்குப் பிடித்த இடங்கள். கை நடுக்கமும் பேச்சு இழுப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. வயதானவர்களின் பார்க்கின்சன் நோய்போல் தோன்றுவதற்கும் அதுவே காரணம். இதுவரை சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி அந்த மருத்துவர் சொன்ன எதிர்ப்பு. வைரஸ் ஒரு நரம்புச் செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செல் முதலில் செய்வது தண்டோரா போடுவது. இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது பட்ட அக்கம்பக்கத்துச் செல்கள் வைரஸ் உள்ளே வந்தால் பெருக முடியாதபடி தங்கள் இயந்திரங்களைப் பூட்டிக்கொள்கின்றன. அடுத்தது கீமோகைன்கள். சர்க்கரை சிந்திய இடத்துக்கு எறும்பு வரிசை கட்டுவதுபோல, இவை கசியும் திசையை மோப்பம் பிடித்து இரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் மூளைக்குள் வருகின்றன. மூன்றாவது கூட்டம் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்றவை. இவற்றைப் பெருமளவில் உண்டாக்குவது மைக்ரோக்ளியா என்னும் மூளையின் சொந்தக் காவல் செல்கள். இவை இரத்தக் குழாய்ச் சுவரின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன, காய்ச்சலை ஏற்றுகின்றன, அளவு மீறினால் பக்கத்தில் இருக்கும் தொற்றில்லாத நரம்புச் செல்லையும் சாகடிக்கின்றன. காலில் இப்படி நடந்தால் கால் வீங்கும், பிறகு வடியும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. இந்த மூன்று கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் சைட்டோகைன்கள் என்று பொதுப்பெயர். செய்தித்தாளில் கொரோனா காலத்தில் "சைட்டோகைன் புயல்" என்று படித்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. புயலுக்கு நல்ல பக்கம் கிடையாது, இவற்றுக்கு உண்டு.

அந்த மருத்துவர் காற்றில் சொல்லவில்லை. ஹரியானாவின் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2007-இல் காட்டியது இதுதான்: இந்த வைரஸ் தொற்றிய மைக்ரோக்ளியா வெளியிடும் அழற்சிப் பொருள்களே நரம்புச் செல்களைக் கொல்லப் போதும். வியட்நாமில் நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தபோது, பிழைத்தவர்களைவிட இறந்தவர்களிடம் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஆகியவை கூடுதலாக இருந்தன. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் எதிர்ப்புச் சக்திதான் குற்றவாளி என்று தோன்றும். நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அப்படித்தான் பாடம் எடுத்தேன்.

ஆனால் சாவு வீட்டில் கூட்டம் அதிகம் என்பதற்காகக் கூட்டம்தான் ஆளைக் கொன்றது என்று யாரும் சொல்வதில்லை. அதே வியட்நாம் நோயாளிகளில் இறந்தவர்களுக்கு இன்னொன்றும் இருந்தது: முதுகுத்தண்டு நீரில் வைரஸைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தின் அளவு குறைவு. ஆன்டிபாடி தாமதமானதால் வைரஸ் அதிகம் பெருகி, அதனால் தண்டோராவும் பலமாக ஒலித்தது என்றும் இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் இன்டர்லூகின்-6 நோய் எவ்வளவு கடுமை என்று காட்டும் அளவுகோல் மட்டுமே, காரணம் அல்ல. எது சரி என்று அந்த அளவுகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வழியில்லை.

தீர்மானிக்க ஒரு வழி, அந்த எதிர்ப்பை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலிகளின் மூளையிலிருந்த மைக்ரோக்ளியாவை மருந்து கொடுத்து அகற்றிவிட்டு, பிறகு இதே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸையும் அதன் பங்காளியான வெஸ்ட் நைல் வைரஸையும் செலுத்தினார்கள். 'குற்றவாளி' இல்லாத எலிகள் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் அவற்றின் மூளையில் வைரஸ் கூடுதலாகப் பெருகியது, சாவும் கூடியது. மனிதர்களிடம் இப்படிப் பரிசோதனை செய்ய முடியாது என்றாலும் இயற்கையும் மருந்துக் கடையும் சில நேரம் அதைச் செய்துவிடுகின்றன. ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல் வந்த சில குழந்தைகளை ஆராய்ந்தபோது, வைரஸை உணர்ந்து இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்யும் டி.எல்.ஆர்.3 என்ற உணர்வியில் பிறவிக் குறை இருப்பது 2007-இல் தெரியவந்தது. அந்தக் குழந்தைகள் மற்றபடி ஆரோக்கியமானவர்கள். மூளைக்குள் தண்டோரா போடும் ஒற்றை ஆள் இல்லாமல் போனது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. இன்னொன்று நேட்டலிசுமாப் என்ற மருந்து. உடம்பின் எதிர்ப்பே நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக, டி செல்கள் மூளைக்குள் நுழையும் வாசலை அடைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 2004 இறுதியில் அனுமதி பெற்று, சில மாதங்களிலேயே, 2005 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. வாசலை அடைத்ததும், நம்மில் பலர் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் ஜே.சி. வைரஸ் சிலரின் மூளையை அரிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்து இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. நம் உடம்பு அந்த வாசலை எதற்காகத் திறந்து வைத்திருக்கிறது என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த மூலக்கூறு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வாயில் நுழையாது: சி.எக்ஸ்.சி.எல்.10. மேலே சொன்ன எறும்பு இழுக்கும் கீமோகைன்களில் ஒன்று. வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றிய எலியில் நரம்புச் செல்களே இதைச் சுரந்து டி செல்களை வரவழைக்கின்றன. இதைச் சுரக்க முடியாத எலிகளின் மூளையில் வைரஸ் பெருகி அவை அதிகமாகச் சாகின்றன. இங்கே இது காப்பாற்றுகிறது. ஜப்பானின் தென்கோடி, குறிப்பாக ககோஷிமா பகுதியிலும் கரீபியன் தீவுகளிலும் காணப்படும் எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸில் கதை தலைகீழ். பெரும்பாலோர் அந்த வைரஸை வாழ்நாள் முழுக்கச் சுமந்தும் ஒன்றும் ஆவதில்லை. ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் தண்டுவடம் மெல்ல அழற்சியுற்று, கால்கள் விறைத்து, நடை போய்விடுகிறது. 1985-இல் மார்ட்டினிக் தீவிலும் 1986-இல் ககோஷிமாவிலும் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். வைரஸ் குடியிருக்கும் டி செல்கள் தண்டுவடத்துக்குள் வந்து காமா இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. அது பட்டதும் அங்கிருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.10-ஐக் கொட்டுகின்றன. அது மேலும் டி செல்களை இழுக்கிறது, வந்தவை மேலும் இன்டர்ஃபெரான் சுரக்கின்றன. செக்கு மாடு சுற்றுவதுபோல் ஆண்டுக்கணக்கில் இது நிற்காமல் ஓடுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். தொற்றுள்ள அந்த டி செல்களையே குறிவைத்து அழிக்கும் மொகமுலிசுமாப் என்ற மருந்தை 21 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2018-இல் வந்தன: தொற்றுள்ள செல்கள் குறைந்தன, முதுகுத்தண்டு நீரில் சி.எக்ஸ்.சி.எல்.10 இறங்கியது, பலருக்குக் கால் விறைப்பு தளர்ந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்த நோயில் எதிர்ப்பின் சுழற்சிதான் தண்டுவடத்தைக் கெடுக்கிறது என்பதற்கு எலி இல்லாமல் மனிதனிலேயே கிடைத்த சான்று என்று இதை மதிக்கிறேன். ஒரே மூலக்கூறு, இரண்டு வைரஸ், எதிரெதிரான வேலை. யாராவது உங்களிடம் "எதிர்ப்புச் சக்திதான் காரணம்" என்று சொன்னால், எந்த வைரஸில், எந்த வாரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது ஸ்டீராய்டுக்கு வருகிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் மூளைக்காய்ச்சல் என்று வந்த குழந்தைகளுக்கெல்லாம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைப் போடும் மூத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். ஏன் என்று ஓர் இரவு துணிந்து கேட்டேன். "தாய் வாசலில் நிற்கிறாள், ஏதாவது செய்ய வேண்டாமா?" என்றார். அந்தப் பதிலை நான் இகழவில்லை. அதே வேலையில் நரைத்த பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. ஆனால் தாய்லாந்தின் நான்கு மருத்துவமனைகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 65 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு டெக்ஸாமெதசோனும் பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீரும், யாருக்கு எது என்று தெரியாதபடி கொடுத்துப் பார்த்த முடிவுகள் 1992-இலேயே வந்துவிட்டன. மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 24, பெறாதவர்களில் 27. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த மூன்று ஒரு வித்தியாசமே அல்ல. சிறிய ஆய்வு என்பதால் சிறு நன்மை ஏதும் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று வாதிடலாம், அது நியாயமான வாதமும்கூட. பெரிய நன்மை இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் முயன்றார்கள். எதிர்ப்பு போதவில்லை என்றால் கூட்டிக் கொடுப்போம் என்று வியட்நாமில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இன்டர்ஃபெரான் ஊசியைச் சோதித்தார்கள். 2003-இல் வெளிவந்த முடிவில் அதுவும் பலிக்கவில்லை. மைக்ரோக்ளியாவை அமைதிப்படுத்தும் மினோசைக்ளின் எலிகளைக் காப்பாற்றியது. லக்னோவில் மூளைக்காய்ச்சல் நோயாளிகள் சுமார் 280 பேரிடம் சோதித்தபோது உறுதியான பலன் தெரியவில்லை. முதல் நாளைத் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்ற சாயல் மட்டும் இருந்தது. எதிர்ப்பை அடக்கியும் பயனில்லை, தூண்டியும் பயனில்லை என்றால் மூலக்கூறுகளைப் பற்றிய நம் கணக்கே தப்பா? அப்படி நான் நினைக்கவில்லை. கோளாறு நாள் கணக்கில் இருக்கிறது என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்கு நாங்கள் வைரஸ் செலுத்திய நேரம் கடிகாரப்படி தெரியும், அடுத்த நாளே மருந்தைத் தொடங்கலாம். குழந்தைக்குக் கொசு கடித்து ஒரு வாரம், காய்ச்சல் என்று ஊசி போட்டு இரண்டு நாள், வலிப்பு வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க இன்னொரு நாள். வந்து சேரும்போது தலாமஸில் சாக வேண்டிய செல்கள் பெரும்பாலும் செத்திருக்கும்.

கொரோனாவில் டெக்ஸாமெதசோன் உயிர்களைக் காத்ததே என்று கேட்பீர்கள். காத்தது. 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் சாவு நூற்றுக்கு 41-லிருந்து 29-ஆகக் குறைந்தது. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு அதே மருந்தால் நன்மை எதுவும் தெரியவில்லை, கெடுதலாகவும் இருந்திருக்கலாம் என்ற பக்கத்தை யாரும் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை. அதுவும் நுரையீரலுக்கான கணக்கு. நுரையீரல் செல் மறுபடி வளரும். தலாமஸில் போன நரம்புச் செல் வளராது.

எதிர்ப்பை அடக்குவதே சரியான வைத்தியம் என்ற கட்டமும் மூளைக்காய்ச்சலில் உண்டு. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் அசைக்ளோவிர் மருந்தால் அடங்கி, குழந்தை தேறிக்கொண்டிருக்கும்போது, சில வாரங்களில் திடீரென்று மறுபடி மோசமாகும்: தூக்கம் போகும், குணம் மாறும், கை கால் தானாக முறுக்கும். முன்பெல்லாம் வைரஸ் திரும்பிவிட்டது என்று மறுபடி அசைக்ளோவிர் ஏற்றுவோம். ஸ்பெயினில் 51 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 14 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு மேல், இப்படி ஆனது. எல்லாம் மூன்று மாதத்துக்குள். அது வைரஸ் அல்ல. செத்த செல்களிலிருந்து சிதறிய புரதங்களைப் பார்த்து உடம்பு தன் நரம்புகளின் மேலேயே ஆன்டிபாடி செய்துகொண்டதால், பெரும்பாலும் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற இடத்துக்கு எதிராக, வரும் இரண்டாவது நோய். அதற்கு ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும்தான் மருந்து, பலனும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும் இது பதிவாகியிருக்கிறது. உங்கள் அக்கா மகன் அந்த முதல் சில மாதங்களில் நன்றாகத் தேறி, பேசத் தொடங்கி, பிறகு சறுக்கினானா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை, ஆரம்பத்திலிருந்தே மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறான். அப்படியானால் இந்தக் கட்டம் அவனுக்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் அந்த நாட்களில் கூட இருந்த அக்காவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சறுக்கியிருந்தால் அதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

பாடம் மனதில் நிற்காதது பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். இதில்தான் அந்த மருத்துவர் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெஸ்ட் நைல் வைரஸிலிருந்து பிழைத்த எலிகளின் நினைவாற்றல் ஏன் குன்றுகிறது என்று தேடியவர்கள், நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்கள் உயிரோடு இருந்தும் அவற்றுக்கிடையிலான இணைப்புகள் குறைந்திருப்பதை 2016-இல் கண்டார்கள். காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதம் அந்த இணைப்புகளுக்கு அடையாளமிட, மைக்ரோக்ளியா அவற்றைத் தின்றுவிடுகிறது. களை என்று நினைத்து நாற்றைப் பிடுங்குவது மாதிரி. வைரஸ் போன பிறகும் இது தொடர்கிறது. இதே வேலை ஜப்பானிய மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தையின் மூளையிலும் நடக்கிறதா என்பது நிரூபணம் ஆகவில்லை, நிறுத்தும் மருந்தும் இன்று கடையில் இல்லை. ஆனால் செல் சாகாமல் இணைப்பு மட்டும் போயிருந்தால் புது இணைப்பு உண்டாக வழி இருக்கிறது. பத்து வயது மூளை அதற்கு ஏற்ற மூளை. பள்ளியில் அவனுக்குக் கூடுதல் நேரம் கேளுங்கள், பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் மாத்திரைகள் உண்டு. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிட வேண்டாம்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சூரணம் ஒன்றை மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கொடுப்பதாகவும், எதிர்ப்பே எதிரி என்றால் அது ஆபத்தா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். மூளைக்குள் இன்டர்ஃபெரானையோ சி.எக்ஸ்.சி.எல்.10-ஐயோ ஏற்றவும் இறக்கவும் வல்ல சூரணம் எதையும் நான் அறியேன். அப்படி ஒன்று இருந்தால் மானேசர்காரர்கள் எப்போதோ வாங்கியிருப்பார்கள். அந்த வகையில் பயம் வேண்டாம். வலிப்பு மருந்து சாப்பிடுகிறான் என்றால் அதோடு சேருமா என்று மருத்துவரிடம் பொட்டலத்தைக் காட்டிக் கேளுங்கள். அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வர பஸ் கட்டணம் தாராளமாக ஆகும்.

அவனுக்கு இரண்டு வயதுத் தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே வீடு, அதே வயல், அதே கொசு. நோய் வந்த பிறகு எந்த மூலக்கூறை எப்படிப் பிடிப்பது என்று நாங்கள் இன்னும் தடுமாறுகிறோம், தடுப்பூசி அந்தத் தடுமாற்றத்துக்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறது. இந்த நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் அரசே இலவசமாகப் போடுகிறது: ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் இன்னொன்று. அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்து இரண்டாவது தவணைக்கு நேராகத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.